யார் கையில் கொடுத்தனுப்புவது

முன்னோர் ஆண்டை ஆறாக வகுத்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற அந்த ஆறில் எதனுள்ளும் அடங்காத ஒரு பருவம் மொன்ட்ரியாலில் உண்டு. மேப்பிள் மரங்கள் தம் செம்மை முழுவதையும் உதிர்த்து முடித்த பின், வெண்பனி வந்து நிலத்தை மூடி ஒளி கொடுக்கும் முன், கார்த்திகையில் நாலைந்து வாரம் அது வந்து தங்கும். வானம் ஈயத்தகடு போலத் தாழ்ந்திருக்கும். பிற்பகல் நாலரைக்கே பொழுது ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போய்விடும். மேலிருந்து விழுவது மழையா பனியா என்று விழும்வரை தெரியாது. விழுந்த இடத்தில் கண்ணாடியாகி, கால் வைக்கப்போகிறவருக்காகக் காத்துக் கிடக்கும். கூதிரின் தனிமையைப் பாடிய பழம்புலவர்களுக்குப் பாசறைக்குப் போன தலைவன் ஒருநாள் மீள்வான் என்ற துணிவு இருந்தது. இந்தப் பருவத்துத் தனிமைக்கு அந்தத் துணிவும் இல்லை.

கோட்-டெ-நெய்ஜில், பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி, நான்காம் மாடியில் பேரின்பநாதன் தனியாக இருந்தார். வயது எழுபத்துமூன்று. இருபத்தேழு வருடம் நகரத்து உணவகம் ஒன்றின் பின்கட்டில் நின்று சட்டி கழுவியவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்து வரவேண்டும். மனைவி சிவநேசம் போன தை மாதம் மாரடைப்பில் விழுந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. எரியூட்டிய இடத்தார் அவளுடைய சாம்பலைச் சிறிய மரப்பெட்டியில் இட்டுக் கொடுத்தார்கள். அது அவளுடைய அலுமாரியில், அவள் மடித்துவைத்த சேலைகளின்மேல் இருந்தது.

சாம்பலை வீட்டுக்குள் மாதக்கணக்கில் வைத்திருப்பது முறையன்று. அது அவருக்குத் தெரியும். ஒருகாலத்தில் முறை தெரிந்தவர் என்பதே அவருடைய பெருமையாக இருந்தது. ஆனால் கட்டிலில் கிடந்தபடி அவள் சொன்ன சொல் ஒன்று இருந்தது.

"என்னைக் கொண்டுபோய்க் கீரிமலையிலை விடுங்கோ. இஞ்சத்தை ஆறு குளிருமப்பா."

ஊர்க் கடலோரத்துத் தீர்த்தம் கீரிமலை. செத்த பிறகு குளிர் என்ன செய்யும் என்று அவர் கேட்கவில்லை. ஓம் என்றார். அவளுடைய முதல் வருட நினைவான ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஏழு வாரம்தான் கிடந்தது. இயந்திரத்தை விட்டு மூன்று நாள் தாங்காத உடம்பு விமானம் ஏறாது. யார் கையிலாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

நாட்டுக்குப் போகிறவர் கையில் பொருள் கொடுத்தனுப்புவது இங்குள்ள நம்மவர்களின் நெடுநாள் வழக்கம். கொடுப்பவரைப் போகிறவருக்குத் தெரியாது. போகிறவரைக் கொடுப்பவருக்கும் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு பெயர் மட்டும் நிற்கும். ஆர், எந்த ஊர், ஆருக்குத் தெரியும்? இந்த மூன்று கேள்விக்கும் நல்ல மறுமொழி கிடைத்துவிட்டால், முன்பின் காணாத ஒருவன் தன் பெட்டியில் மூன்று கிலோ இடம் ஒதுக்கித் தருவான். கிடைக்காவிட்டால், கூடப்பிறந்தவனும் பெட்டி நிறைந்துவிட்டது என்பான்.

பலசரக்குக் கடைக் கணேசலிங்கம்தான் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார். புரோசார்டில் இருக்கும் தக்ஷினி என்ற பெண். மட்டக்களப்புக்காரி, புருசன் வின்சன்ட், இளவாலை. நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறார்கள். இளவாலையிலிருந்து கீரிமலை சைக்கிளில் கால்மணிப் பயணம். பேரின்பநாதன் எண்ணை அழுத்தி, சிவநேசத்தின் கடைசி விருப்பத்தைச் சொன்னார்.

"அதுக்கென்ன ஐயா? மனிசர்ர கடைசிக் காரியமெல்லோ. தாங்க, கொண்டு போறம். அவர்ர வீட்டிலிருந்து கிட்டத்தானாம்" என்றாள் தக்ஷினி.

அன்று அவர் அலுமாரியைத் திறந்து, "நேசம், ஆள் கிடைச்சிட்டுது" என்று சொன்னார்.

மறுநாள் பின்னேரம் அவளே அழைத்தாள். குரல் வேறாக இருந்தது.

"ஐயா, குறை நினைக்காதீங்க. எங்கட பெட்டியெல்லாம் நிறைஞ்சு போச்சி."

"பிள்ளை, அது கையிலை கொண்டுபோற சின்னப் பெட்டி. பாரமில்லை. சான்றிதழ் எல்லாம் ஒழுங்காய் இருக்கு…"

"எனக்கு விளங்குது ஐயா. ஒளிக்காமச் சொல்றன். ரெண்டு மூண்டு பேரிட்ட விசாரிச்சம். நான் புள்ளகுட்டிக்காரி. பெட்டிக்குள்ள என்ன இரிக்கி எண்டு எயர்போட்டில கேட்டா, நீங்க சொன்னதத்தானே நானும் சொல்லணும்? என்னால ஏலாது ஐயா."

அவள் வைத்த பிறகும் அவர் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

கடையில் கணேசலிங்கம் முருங்கைக்காய்க் கட்டுகளைப் பிரித்து, வாடியதைத் தனியே போட்டுக்கொண்டிருந்தார். பேரின்பநாதனின் முகத்தைக் கண்டதும் குனிந்துகொண்டார்.

"என்ன சொன்னவையாம், கணேசு?"

"விடுங்கோவன் அண்ணை. வேறை ஆரும் போகாமலே இருக்கப்போகினம்?"

"என்ன சொன்னவை எண்டு கேட்டனான்."

"பழைய கதைதான்." கணேசலிங்கம் ஒரு முருங்கைக்காயை முறித்துப் பார்த்தார். "பாசையூர்த் தாய், மகன் நீக்கிலாப்பிள்ளைக்குக் குடுத்துவிட்ட பார்சல். கருவாட்டுக்குள்ளை சங்கிலியும் காப்பும் வைச்சுக் கட்டினவவாம். நீங்கள் எயர்போட்டிலை பறிச்சுப்போட்டாங்கள் எண்டியள். அதே பிளேனிலை வந்த மனிசி ஒண்டு நாலு கிலோக் கருவாட்டோடை சிரிச்சுக்கொண்டு வெளியிலை வந்தது. அப்ப சனம் யோசிக்கும்தானே? கருவாட்டை ஆரும் களவெடுப்பானோ? அதுவும் மச்சம் மாமிசம் தொடாத பேரின்பநாதன்? அப்ப உள்ளுக்கை என்னவோ இருந்திருக்கு."

"நீரும் நம்புறீரோ?"

"நான் வியாபாரி அண்ணை. எனக்கு எல்லாச் சனமும் வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீக்கிலாப்பிள்ளை ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். அந்தாள் சொல்லாமல் நாங்கள் ஆர் சொன்னாலும் எடுபடாது. மொன்ட்ரியால்-நோரிலைதான் இருக்கிறான். ஒருநாளாவது போய்க் கதைச்சனீங்களே?"

கதைக்கவில்லை. இருபது வருடம் கதைக்கவில்லை.

நடந்தது இதுதான். போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், ஊருக்கான பாதை திறந்திருந்தபோது, பேரின்பநாதன் ஊருக்குப் போனார். திரும்பும் தறுவாயில் கடற்கரையூரான பாசையூரிலிருந்து ஒரு கிழவி பஸ்ஸேறி வந்து, பனையோலையிலும் பொலித்தீனிலும் சுற்றிய பொதி ஒன்றைக் கையில் தந்தாள். "ஐயா கோயில் குளம் எண்டு இருக்கிறவர், உங்களை நம்பித் தாறன்" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். விமானம் ஏறுமுன் தங்கிய வெள்ளவத்தை விடுதியில் பெட்டியைத் திறந்தபோது மணம் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. நல்லூர்த் திருநீற்றில், சந்தனத்தில், பூசைக்கென்று வாங்கிய பட்டுத்துண்டில். பொதியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், குப்பை வாளியில் போட்டார். கையை மூன்று முறை கழுவினார். அன்றைய பதிகத்தைப் பிழையில்லாமல் பாடி முடித்தார்.

மொன்ட்ரியாலில் இறங்கியபோது, பறித்துவிட்டார்கள் என்ற பொய் எளிதாக வந்தது. நகைக் கதை காதுக்கு வந்தது மூன்று மாதம் கழித்து. ஓர் ஏழைக் கிழவியின் பொன்னைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று அவர் நம்பினார். களவாடியதைவிட அது கீழானதாக அவருக்குத் தோன்றியது. ஆகவே வாய் திறக்கவில்லை.

சிவநேசத்திடமும் சொல்லவில்லை. "என்ரை மனிசன் மற்றவையின்ரை துரும்பும் தொடார்" என்று அவள் கோயிலில் நாலு பெண்கள் கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் கலியாண வீட்டுப் பலகாரம் சுடக் கூடும்போது அவளைக் கூப்பிடுவது குறைந்தது. இந்த ஊரில் பெண்களுக்குச் சிநேகம் என்பது அந்த அடுப்படிதான். முறுக்கு உரலைப் பிடிக்க ஒரு கை, மாவைக் குழைக்க ஒரு கை, கதைக்க எல்லா வாயும். அவள் தனியாகவே சுட்டாள். தீபாவளிக்கு ஒரு தட்டு, இருவருக்கு. ஒருநாளும் அவள், அது உண்மையோ என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அவளுடைய காப்பு இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து, கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறினார். பிறகு பஸ். முதல்நாள் பனிமழை பெய்திருந்தது. ஒவ்வொரு மரக்கிளையும் கண்ணாடிக் குழாய்க்குள் கிடந்தது. நடைபாதையில் அரை அடி அரை அடியாகக் கால் வைத்து, அவர் அந்தத் தெருவுக்கு வந்து சேர மணி பதினொன்றாகிவிட்டது.

இந்த நகரத்து வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியில். இரும்புப் படி, தெருவிலிருந்து இரண்டாம் மாடிக்கு வளைந்து ஏறும். அதன் உச்சியில், காதை மூடிய தொப்பியோடு ஒருவர் குந்தியிருந்து சின்ன அலவாங்குக் கம்பியால் பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையிலிருந்து போன வருடம் ஓய்வுபெற்ற நீக்கிலாப்பிள்ளை.

"ஆரது? ஏறாதையுங்கோ, சறுக்கும்!"

"நான் பேரின்பநாதன்."

அலவாங்கு நின்றது.

"பார்சல் பேரின்பநாதனோ?"

"ஓம். அவன்தான்."

"இருபது வருஷம் பிந்தி வந்திருக்கிறியள். பார்சல் கொண்டு வந்தனீங்களோ?"

பேரின்பநாதன் கைப்பிடிக் கம்பியைப் பற்றினார். கையுறை அதில் ஒட்டியது. பஸ்ஸில் வரும்வழி முழுவதும் சொற்களை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றும் நிற்கவில்லை.

"எயர்போட்டிலை பறிக்கேல்லை, தம்பி. நான்தான் எறிஞ்சனான். வெள்ளவத்தை லொட்ஜிலை, பின்பக்கத்துக் குப்பை வாளியிலை."

நீக்கிலாப்பிள்ளை தொப்பியின் காதுமடலை மேலே தள்ளிவிட்டார்.

"திருநீறும் சந்தனமும் அதே பெட்டியிலை இருந்தது. மணம் ஏறிப்போச்சு…"

"மணமோ, நாத்தமோ?"

"…நாத்தம் எண்டுதான் அப்ப நினைச்சனான்."

"கடல்கரைச் சனத்தின்ரை நாத்தம்." நீக்கிலாப்பிள்ளை ஒரு படி கீழே இறங்கி அமர்ந்தார். "இஞ்சை என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஹொட்டேலிலை சட்டி கழுவினனான்."

"என்ன சட்டி?"

"எல்லாச் சட்டியும்தான். மாடு, பண்டி, மீன்."

"எத்தினை வருஷம்?"

"இருபத்தேழு."

"வெள்ளைக்காரன்ரை மீன்சட்டி இருபத்தேழு வருஷம் மணக்கேல்லை. என்ரை அம்மான்ரை பாரைக் கருவாடு ஒருநாளிலை நாறிப்போச்சு."

பேரின்பநாதன் தலை குனிந்து நின்றார். எதிர்வீட்டுச் சன்னலில் ஒரு பிள்ளை மூக்கை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் உட்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, எட்டியவரை மேல்படியில் வைத்தார்.

"இது என்ரை மனிசியின்ரை காப்பு. அவ போன தையிலை மோசம் போயிட்டா. உங்கடை அம்மா உள்ளுக்கை வைச்ச நகைக்கு இது ஈடாகாது. எண்டாலும்…"

"என்ன நகை?"

"கருவாட்டுக்குள்ளை வைச்சுக் கட்டின…"

நீக்கிலாப்பிள்ளை அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே முறிந்துபோயிற்று.

"மாரிக்குக் கூரை ஒழுகிற வீட்டிலை ஆரிட்டை இருந்தது நகை? கருவாடுதான். கருவாடும் ஒரு போத்தில் மிளகாய்த்தூளும்."

"அப்ப சனம் சொன்னது?"

"சனம் சொல்லிச்சுது. நானும் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

"இல்லையெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி."

"நீங்கள் வந்து ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

பஸ் ஒன்று, பனி உருகத் தெருவில் போட்ட உப்புநீரைத் தெறித்துக்கொண்டு போயிற்று. நீக்கிலாப்பிள்ளை அலவாங்கின் முனையைக் கையுறையால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"முதல் கேட்டவனுக்கு இல்லையெண்டுதான் சொன்னனான். பேந்து யோசிச்சன். கருவாடு போயிட்டுதெண்டு ஒரு ஆம்பிளை அழுதால் சனம் சிரிக்கும். நகை போயிட்டுதெண்டால் இரங்கும். 'பாவம் நீக்கிலாப்பிள்ளை' எண்டு சொல்லுங்கள். வந்த புதிசு, எனக்கும் இஞ்சை ஆரும் இல்லை. சும்மா இருந்திட்டன். அது என்ரை பிழை. அடுத்த வருஷம் பாதையைப் பூட்டினாங்கள். அதுக்கடுத்த வருஷம் அம்மா. செத்தவீட்டுக்கும் போகேலாமல் போச்சு. எடுக்கிற ரெலிபோன் எல்லாத்திலையும் கேப்பா, 'கருவாடு கறி வைச்சனியோ மோனை, உப்புச் சரியோ?' எண்டு. ஓமம்மா, நல்ல ருசி எண்டனான். உங்களாலை பெத்த தாய்க்குப் பொய் சொன்னன் அண்ணை, சாகுமட்டும்."

மன்னிப்புக் கேட்கும் சொல் ஒன்று பேரின்பநாதனின் நெஞ்சில் எழுந்தது. அந்த இடத்துக்கு அது மிகச் சிறியதாக இருந்தது. அவர் கீழ்ப்படியில் இருந்த உப்பு வாளியைக் கண்டார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் உப்பை அள்ளி, எட்டிய படியில் தூவினார். நீக்கிலாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி அடுத்த படியைக் கொத்தினார். அவர் கொத்த, இவர் தூவ, பதினேழு படி. முடிந்தபோது இருவர் மூச்சும் வெண்புகையாக வந்தது.

"வாங்கோ மேலை. இனிச் சறுக்காது. தேத்தண்ணி குடியுங்கோ. பயப்பிடாதையுங்கோ, கேத்திலிலை மீன் இல்லை."

"எனக்குப் பாதிக் கோப்பை காணும். தண்ணி அளந்துதான் குடிக்கலாம், டயாலிசிஸ்."

"ஐயோ, அது வேறையோ?" என்றபடி நீக்கிலாப்பிள்ளை கைக்குட்டை முடிச்சை எடுத்து அவருடைய பையிலேயே திணித்தார். "இதைக் கொண்டுபோய் வையுங்கோ. செத்த மனிசியின்ரை காப்பு எனக்கென்னத்துக்கு? ஏன் இண்டைக்கு வந்தனீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

குசினி மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு பேரின்பநாதன் சொன்னார். சிவநேசம், கீரிமலை, தக்ஷினி, நிறைந்துபோன பெட்டி. நீக்கிலாப்பிள்ளை முழுவதையும் கேட்டுவிட்டு, தக்ஷினியின் எண்ணை வாங்கி அழுத்தினார். பேரின்பநாதன் எழப் பார்த்தார். "இருங்கோ, உங்களுக்குப் பின்னாலை நான் என்ன சொன்னனெண்டு பேந்து கவலைப்படுவியள்" என்று நீக்கிலாப்பிள்ளை கையமர்த்தினார்.

"பிள்ளை, நான் நீக்கிலாப்பிள்ளை, மொன்ட்ரியால்-நோர். ஓம், அந்தப் பார்சல்காரன்தான். பேரின்பநாதனைப் பற்றி விசாரிச்சனீங்களாம்… களவோ? இல்லை. நகையே இருக்கேல்லை, பேந்தென்ன களவு? எறிஞ்சவர்… ஓம், எறிஞ்சுபோட்டுப் பொய்யும் சொன்னவர்… நல்ல மனிசனோ எண்டு கேட்டால் அது எனக்குத் தெரியாது பிள்ளை. எனக்கு அவரிலை இண்டைக்கும் கோவம்தான். இஞ்சைதான் இருக்கிறார், கேட்டுக்கொண்டு இருக்கிறார். ஆனால், இண்டைக்கு ஆரும் கேக்காமல் வந்து உண்மையைச் சொன்னவர். அவர் சாம்பல் எண்டு தந்தால் அது சாம்பல்தான். அதுக்கு நான் பொறுப்பு. என்ரை பேரைச் சொல்லுங்கோ, ஆரும் கேட்டால்."

பேரின்பநாதன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

மார்கழி பிறந்தது. பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் அழைப்புமணி ஒலித்தது. வின்சன்ட் கீழே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்க, தக்ஷினி மட்டும் தோளில் பனித்துகளோடு மேலே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சப்பாத்தைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கதிரை மேசையோடு, ஒரு கதிரை சன்னலோடு.

"ஐயா, குறை நினைக்காதீங்க. திறந்து பார்த்துத்தான் கொண்டு போகணும்."

"பாருங்கோ பிள்ளை. பார்க்கத்தான் வேணும்."

அவர் மூடியைத் திறந்தார். தக்ஷினி கழுத்திலிருந்த சால்வையை, தேவாலயப் பூசைக்குப் போகிறவள்போல, தலைமேல் இழுத்துக்கொண்டு குனிந்தாள். வெளிர்ந்த சாம்பல், நடுவே சங்குத்துண்டு போலச் சில வெள்ளைச் சிதறல்கள். அவள் நெடுநேரம் பார்க்கவில்லை. சிலுவை அடையாளமிட்டு நிமிர்ந்தாள். சான்றிதழை எழுத்துக்கூட்டி வாசித்து, மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அங்க கடல்ல விடக்குள்ள என்ன சொல்லணும் ஐயா? எங்களுக்கு உங்கட முறையொண்டும் தெரியா. அவருக்கும் தெரியா."

பேரின்பநாதனுக்கு எல்லா முறையும் தெரியும். நிற்க வேண்டிய திசை தெரியும், எள்ளும் தர்ப்பையும் தெரியும், எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் எடுப்பது என்று தெரியும். சொல்லத் தொடங்கினால் ஒரு நாழிகை சொல்லலாம். வாய் திறந்து, மூடினார்.

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. அவவின்ரை பேரை மாத்திரம் ஒருக்காச் சொல்லி விடச் சொல்லுங்கோ. சிவநேசம்."

"சிவநேசம்" என்றாள் தக்ஷினி. மறக்காமலிருக்க மறுபடியும் மெல்லச் சொன்னாள். அவளுடைய ஊர் உச்சரிப்பில் அந்தப் பெயர் புதிதாகக் கேட்டது. "நாங்க போற வழியில செபமாலை சொல்லுவம். அவ கூட இருக்கக்குள்ள சொன்னாப் பறவாயில்லையா?"

"சொல்லுங்கோ. துணைக்குத்தானே."

அவர் மூடியைப் பொருத்தி, துவைத்து உலர்த்திய வெள்ளை வேட்டித் துண்டால் பெட்டியைச் சுற்றினார். முடிச்சிடும்போது விரல்கள் இருமுறை தவறின. அவள் உதவ வரவில்லை. அது உதவக்கூடாத வேலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அவர் மேசையின் விளிம்பைப் பிடித்து, ஒவ்வொரு முழங்காலாக மடித்துத் தரையில் இறங்கினார். நாற்பத்தாறு வருடம் தன் காலைத் தொட்டு வணங்கியவளின் சாம்பலுக்கு முன், ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய கையையும் மற்றக் கையையும் கூப்பி, நெற்றியைப் பெட்டிமேல் வைத்தார். பாடவில்லை. இறைவன் பெயர் ஒன்றும் அவள் பெயர் ஒன்றுமாக உதடு மட்டும் அசைந்தது.

எழும்போது தக்ஷினி கை கொடுத்தாள். அந்தக் கையைப் பற்றி நிமிர்ந்து, பெட்டியை எடுத்து, அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார். வாசல் வரை வந்தார். அவள் படி தாண்டும் முன், அவளுடைய மூடிய தலைக்கு மேல் கையை உயர்த்தினார்.

"போயிட்டு வாங்கோ, பிள்ளை. கடலும் வானும் உங்களுக்கு வழிவிடட்டும். உங்களை ஆரெண்டு தெரியாத இடத்திலையும் உங்களுக்கும் உங்கடை பிள்ளையளுக்கும் கதவு திறக்கட்டும்."